நூறு தாய், நூறு தகப்பன்

ஸ்பெயினில் ஆவிலா என்று மதில் சூழ்ந்த ஓர் ஊர். 1520களின் தொடக்கத்தில் அந்த ஊர்ச் சிறுமி ஒருத்தி, ஏழு வயது இருக்கும், தன் சகோதரன் ரோட்ரிகோவைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். மூர்களின் தேசத்துக்குப் போவது, அங்கே கிறிஸ்துவின் பேரைச் சொல்லித் தலை வெட்டுப்பட்டுச் சாவது, நேரே மோட்சம் சேர்வது என்பது திட்டம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து புனிதர்களின் சரித்திரங்களைப் படித்துப் படித்து வந்த யோசனை. வேதசாட்சிகள் எவ்வளவு மலிவாக மோட்சத்தை வாங்கிவிட்டார்கள் என்று அப்போது தனக்குப் பட்டதாகப் பிற்காலத்தில் அவளே எழுதினாள். இந்தத் திட்டத்துக்குப் பெரிய இடைஞ்சலாகத் தெரிந்தது தங்களுக்குத் தாய் தகப்பன் இருந்ததுதான் என்றும் எழுதினாள். தகப்பனாரின் சகோதரர் ஒருவர் கண்ணில் பட்டுவிட, பிள்ளைகள் இருவரும் வீடு திரும்பினார்கள்.

அந்தச் சிறுமிதான் ஆவிலா தெரேசா. 1562 தொடங்கி 17 கன்னியர் மடங்களை நிறுவியவர், கார்மேல் சபையைத் திருத்தி அமைத்தவர், 1970இல் கத்தோலிக்கத் திருச்சபை ‘மறைவல்லுநர்’ என்று அறிவித்த முதல் பெண். ஜார்ஜ் எலியட் தம் ‘மிடில்மார்ச்’ நாவலின் முகப்பிலேயே அந்தக் குழந்தைப் பயணத்தை வைத்தார். சிரிப்பும் திகைப்பும் சேர்ந்து வருகிற சம்பவம். ஒரு குழந்தை புத்தகத்தை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இன்றைக்கு ஊர் ஊராகப் புத்தகக் கடைகளில் சிறுமிகளுக்கென்று ஓர் அலமாரி இருக்கிறது. துணிந்த பெண்கள், முதல் பெண்கள், அடங்காத பெண்கள். 2016இல் எலெனா ஃபாவில்லி, ஃபிரான்செஸ்கா காவல்லோ என்ற இரு இத்தாலியப் பெண்கள் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டிக் கொண்டுவந்த ‘குட் நைட் ஸ்டோரிஸ் ஃபார் ரெபெல் கேர்ள்ஸ்’ அந்த அலமாரியின் நடுநாயகம். நூறு பெண்கள், ஆளுக்கு ஒரு பக்கக் கதை, ஒரு பக்கப் படம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் செல்சி கிளின்டன் 13 அமெரிக்கப் பெண்களைப் பற்றி ‘ஷீ பெர்சிஸ்டட்’ எழுதினார். அதன் பிறகு வந்தவற்றுக்குக் கணக்கில்லை.

இந்தப் புத்தகங்களைச் சிறுமி தானாக வாங்குவதில்லை. அம்மாவோ அப்பாவோ அத்தையோ வாங்கிக் கொடுக்கிறார்கள். அடங்காமை பற்றிய புத்தகத்தை அடக்கும் அதிகாரம் உள்ளவர்களே பரிசளிக்கிறார்கள். கலகக்காரியின் கதை முடிந்ததும் ‘விளக்கை அணைத்துவிட்டுப் படு’ என்றால் சிறுமி படுத்தாக வேண்டும். இதில் கேலி செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் கேலியோடு விட்டுவிட முடியாத ஒரு பழைய கேள்வியும் இருக்கிறது. ஒரு வாழ்க்கையைக் குழந்தைக்குச் சொல்லும்போது பெரியவர்கள் உண்மையில் எதை எதிர்பார்க்கிறார்கள்? அவள் வியக்க வேண்டுமா, பின்னாலேயே நடக்க வேண்டுமா?

சமயங்கள் இந்தக் கேள்வியோடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கின்றன. இடைக்கால ஐரோப்பாவின் குருமார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புனிதர்களின் செயல்களில் சில பின்பற்றுவதற்கு, சில வியப்பதற்கு மட்டும் என்று பாகம் பிரித்தார்கள். தர்மம் செய்தால் நீயும் செய். வீட்டை விட்டு ஓடினால், தகப்பன் பார்த்த மாப்பிள்ளையை மறுத்தால், அதைக் கைகூப்பி வியந்துவிட்டு வீட்டிலேயே இரு. பெண் புனிதர்களின் கதையில் இந்த இரண்டாம் பாகம்தான் பெரிது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழில் பாடிய ‘கித்தேரியம்மாள் அம்மானை’யின் நாயகியும் திருமணத்தை மறுத்து உயிர் கொடுத்த கன்னிதான். அதைக் கேட்ட குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

சைவர்களுக்கும் இது புதிதல்ல. காரைக்கால் அம்மையார் கணவனுக்காகச் சுமந்த அழகைக் கழற்றிப் போட்டுப் பேய் உரு கேட்டார். தலையால் நடந்து கயிலை ஏறினார். அதற்கு முன்பே கணவன் வந்து காலில் விழுந்திருந்தான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதைக் கூசாமல் பாடினார். சிவாலயங்களில் நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் குழந்தைக்குக் கதை சொல்லும்போது நம் வீடுகளில் கை தானாக மாம்பழத்தில் போய் நிற்கும். இனிப்பான அற்புதம், பத்தியுள்ள மனைவி, கதை முடிந்தது. பேய் உரு கேட்ட பெண்ணை, அந்தாதி எழுதிய கவிஞரை, மகள் கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். மகள் பெரியவளானதும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இந்தப் பாகப்பிரிவினையைக் கடுமையாகத் தாக்கியவர் டென்மார்க்கின் தத்துவ அறிஞர் சோரன் கீர்க்கெகார்ட். வியப்பவன் எதையும் இழக்காமல் தூரத்தில் நின்று கைதட்டுகிறான், பின்பற்றுகிறவனோ தான் வியப்பதாகவே ஆக முயல்கிறான் என்று 1850இல் வந்த ‘கிறித்துவத்தில் பயிற்சி’ என்ற நூலில் வாதிட்டார். அவர் கண்ணில் வியப்பு என்பது தப்பித்துக்கொள்ளும் மரியாதை. வளர்ந்த ஆணுக்கு இதைச் சொல்வது எளிது. ஏழு வயதுப் பெண்ணுக்கு? தெரேசா அவர் கேட்டபடிதான் செய்தாள், அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வந்தது நல்லதாயிற்று என்றுதான் எல்லாரும் சொல்வோம்.

கையைப் பிடித்து இழுக்க முடியாமல் போன ஒரு பெண்ணும் உண்டு.

பிரான்சின் தோம்ரெமி கிராமத்தில் 1412 வாக்கில் பிறந்தவள் ஜான். ஜோன் ஆஃப் ஆர்க் என்று நம் பாடப் புத்தகங்கள் அறிந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபங்களையும் விசுவாசத்தையும் தாயைத் தவிர வேறு யாரிடமும் கற்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னாள். சுமார் 13 வயதில், கோடை நண்பகலில், தகப்பனாரின் தோட்டத்தில் முதல் முறை குரல் கேட்டது. பின்னர் அந்தக் குரல்களுக்குப் பெயர் சொன்னாள்: அதிதூதர் மிக்கேல், புனித கத்தரீன், புனித மார்கரெட். இந்தக் கத்தரீன் யார்? அலெக்சாந்திரியாவில் ஐம்பது தத்துவ ஞானிகளை வாதத்தில் வென்றவள் என்று கதை. மார்கரெட், பறவைநாகத்தின் வயிற்றைப் பிளந்து வெளியே வந்தவள் என்று கதை. இருவரும் திருமணத்தை மறுத்தவர்கள், தலை வெட்டப்பட்டவர்கள். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு வோராஜினே தொகுத்த ‘பொற்சரிதம்’ வழியாக ஐரோப்பாவின் கோயில் கோயிலாகப் பரவியவர்கள். இன்றைய அலமாரியின் மொழியில் சொன்னால், அந்தக் காலத்துத் துணிந்த பெண்களின் கதைப் புத்தகத்தில் முதல் இரண்டு பெயர்கள். படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்ணுக்கு அவர்கள் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தே பேசினார்கள்.

தகப்பன் ஜாக் தார்க்குக்கு ஒரு கனவு வந்தது, மகள் படைவீரர்களோடு போய்விடுவதாக. அப்படி நடக்குமானால் நீங்களே அவளைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிடுங்கள், இல்லையென்றால் நான் செய்வேன் என்று மகன்களிடம் சொன்னதாகத் தாய் மகளிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணம் செய்வதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றினாள் என்று ஓர் இளைஞன் அவளைத் தூல் நகரத்து நீதிமன்றத்துக்கு இழுத்தான். அந்த வழக்கில் அவள் வென்றாள். வீட்டில் சொல்லாமல்தான் பிரெஞ்சுப் படையோடு சேரப் போனாள். 1429 மே மாதம் ஆங்கிலேயர் இட்டிருந்த ஓர்லியான் முற்றுகை உடைந்தது. ஜூலை 17 அன்று ரைம்ஸ் பேராலயத்தில் ஏழாம் சார்லஸுக்கு முடிசூட்டு. அடுத்த ஆண்டு கொம்பியேனில் பிடிபட்டாள். 1431இல் ரூவான் நகரில் ஆயர் பியர் கோஷோன் தலைமையில் விசாரணை.

அந்த விசாரணைக் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. உலகத்துச் சிறுவர் நூல்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்தக் குறிப்புகளின் பக்கம்தான் தராசு சாயும். புனித மார்கரெட் ஆங்கிலத்தில் பேசினாளா என்று கேட்கிறார்கள். ஆங்கிலேயர் பக்கம் இல்லாதவள் எதற்கு ஆங்கிலம் பேச வேண்டும் என்கிறாள். மிக்கேல் ஆடையில்லாமல் வந்தாரா என்கிறார்கள். அவருக்கு உடுத்திவிடக் கடவுளிடம் துணி இல்லை என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறாள். பிறகு கேள்வி பெற்றோரிடம் வருகிறது. தாய் தகப்பனை மதிக்க வேண்டும் என்பது கட்டளை. அவர்களிடம் சொல்லாமல் வந்தது பாவமில்லையா? மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் பேச்சைக் கேட்டேன் என்கிறாள். கடவுள் கட்டளையிட்டதால் இது ஒன்றில் மட்டும் போனேன். நூறு தாயும் நூறு தகப்பனும் இருந்திருந்தாலும் போயிருப்பேன்.

இன்றைய கதைப் புத்தகங்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகின்றன. அவற்றின் ஓயாத பல்லவி, உன் கனவைப் பின்பற்று என்பது. ஜான் தன் கனவைப் பின்பற்றவில்லை. வழித்துணையாக வந்த வீரரிடம், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருக்கவே தனக்கு ஆசை, இது தன் வேலையே அல்ல, ஆனால் போயாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பெற்றோருக்கு அடங்காத பெண், தன் விருப்பத்துக்கும் அடங்காதவளாக இருந்தாள். வேறொன்றுக்கு அடங்கினாள். அந்த வேறொன்றை எடுத்துவிட்டுத் துணிச்சலை மட்டும் குழந்தைக்குக் கொடுத்தால், மிச்சம் இருப்பது கவசம் போட்ட ஓர் ஆசை. நம்பிக்கையற்ற வீட்டிலும் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியும். ஒரு பெண் எதற்காக எழுந்து நின்றாள் என்பது, எழுந்து நின்றாள் என்பதைவிடப் பெரிய செய்தி.

ஆனால் கேட்ட குரல் கடவுளுடையதா என்று யார் சொல்வது? ரூவான் நீதிபதிகள் ஆங்கிலேயர் கைக்குள் இருந்தவர்கள், அவர்கள் தீர்ப்பு அரசியல் தீர்ப்பு, அதில் சந்தேகமில்லை. இருந்தும் அவர்கள் கேட்ட கேள்வி வெறும் சூழ்ச்சி அல்ல. குரல் கேட்கிறது, அதனால் வீட்டை விட்டுப் போகிறேன் என்று 17 வயதுப் பெண் சொன்னால் இன்றைக்கும் எந்தத் தாயும் சரி போய் வா என்று சொல்லமாட்டாள். அதே திருச்சபை 1431இல் அவளை மார்க்கத் துரோகி என்றது, 1456இல் அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்றது, 1920இல் புனிதை என்றது. சரியான விடைக்கு 489 ஆண்டுகள். படுக்கை நேரக் கதை சொல்லும் தகப்பனிடம் அவ்வளவு அவகாசம் இல்லை.

இன்னொன்றும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. 1431 மே 24 அன்று, கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தின் நடுவே, ஜான் பின்வாங்கினாள். எல்லாவற்றையும் மறுத்துக் கையொப்பக் குறி போட்டாள். பெண் உடை அணிந்தாள். சில நாட்களில் மீண்டும் ஆண் உடைக்கு மாறினாள். 28ஆம் தேதி நீதிபதிகள் வந்து கேட்டபோது, நெருப்புக்குப் பயந்து மறுத்துவிட்டேன், அது தவறு என்று குரல்கள் சொல்லின என்றாள். 30ஆம் தேதி எரித்தார்கள். வயது 19 இருக்கலாம். ஒரு பக்கக் கதையில் இந்த நாட்களுக்கு இடம் கிடைப்பது கடினம். பயமே அறியாத பெண் என்று எழுதுவது சுலபம். பயந்து, மறுத்து, மறுத்ததைத் தாங்க முடியாமல் திரும்பி வந்த பெண்ணை எழுதுவதற்கு இரண்டாவது பக்கம் வேண்டும். பள்ளியில் ஒரு சின்ன அநியாயத்துக்கு வாய் திறக்கப் பயந்துவிட்டு இரவில் விழித்துக் கிடக்கிற சிறுமிக்கு எந்த ஜான் துணையாக வருவாள் என்று யோசித்தால், அந்த இரண்டாவது பக்கத்தின் விலை தெரியும்.

ஜானைச் சிறுவர்களிடம் கொண்டுசேர்த்த அழகான நூல் 1896இல் பாரிஸில் வந்தது. வரைந்து எழுதியவர் லூயி மோரீஸ் புத்தே த மோன்வெல், ஓர்லியானில் பிறந்த ஓவியர். பக்கம் நிறைய கூட்டம், கொடி, குதிரை, மெல்லிய வண்ணங்கள். பிரான்சு 1871இல் ஜெர்மனியிடம் தோற்று அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. வெல்ல வேண்டுமானால் வெல்வோம் என்று நம்ப வேண்டும், நாட்டுக்கு உங்கள் துணிவு தேவைப்படும் நாளில் இதை நினைவில் வையுங்கள் என்ற பொருளில் முன்னுரை குழந்தைகளிடம் பேசுகிறது. அந்தப் புத்தகத்தைப் புரட்டிய பத்து வயதுப் பையன்கள் 1914இல் 28 வயது ஆண்கள். முன்மாதிரி வாழ்க்கையைக் கையில் கொடுக்கிறவருக்கு எப்போதும் ஒரு காரியம் இருக்கிறது. தேசத்துக்கு ஒரு காரியம், சபைக்கு ஒரு காரியம், பதிப்பகத்துக்கு ஒரு காரியம். கத்தரீனையும் மார்கரெட்டையும் ஜானுக்குச் சொன்ன தோம்ரெமியில் அது என்னவாக இருந்தது? பெண் பிள்ளை கற்போடும் பக்தியோடும் வளர வேண்டும் என்பதாகத்தான் இருந்திருக்கும். கதை அந்த எல்லைக்குள் நிற்கவில்லை.

ஜானைப் படித்த சிறுமிகளில் ஒருத்தியை நம் ஊரும் அறியும். தமிழ்நாட்டில் ‘லிட்டில் ஃப்ளவர்’ என்றோ ‘சிறுமலர்’ என்றோ பெயர் வைத்த பள்ளிகள் எத்தனையோ. அந்தச் சிறுமலர், லிசியே நகரத்துத் தெரேசா, 1873இல் பிறந்து 24 வயதில் காசநோயில் இறந்தவர். ரோஜாவும் சிலுவையும் ஏந்திய சுரூபத்தைப் பார்த்தால் அடங்கிய பெண்ணின் இலக்கணம் என்று தோன்றும். ஆனால் 14 வயதில் ரோமில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் முன்னால், யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவை மீறி, 15 வயதிலேயே மடத்தில் சேர அனுமதி வேண்டும் என்று கேட்டவர் அவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ மறுத்தவரைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிரெஞ்சு வீராங்கனைகளின் கதைகளைப் படித்தபோது, அதிலும் ஜானைப் படித்தபோது, தானும் பெரும் புகழுக்குப் பிறந்தவள் என்று தோன்றியதாகவும், தன் புகழ் மனிதர் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கும் என்று பிறகு புரிந்ததாகவும் தன் வரலாற்றில் எழுதினார். பின்பற்றுவது என்றால் நகலெடுப்பது இல்லை என்பதற்கு இவரே உதாரணம். வாளும் இல்லை, குதிரையும் இல்லை. அடைபட்ட மடத்தில் அதே வேகம்.

1895 ஜனவரியில் மடத்துக்குள் ஜானைப் பற்றித் தாமே எழுதிய நாடகத்தில் தாமே ஜானாக நடித்தார். எரியூட்டும் காட்சியில் வைத்த விளக்குகளிலிருந்து தீ பிடித்து, நடிகை நிஜமாகவே வெந்துபோக இருந்தார். அசையாமல் நின்றார் என்பார்கள். அந்த வேடத்தில் எடுத்த புகைப்படங்கள் உண்டு. ஒன்றில் தெரேசா சிறையில் இருக்கும் ஜான். அவருக்கு ஆறுதல் சொல்ல வரும் புனித கத்தரீனாக அவருடைய அக்கா செலின்.

இந்தப் படத்துக்கு நேர்ந்த கதி, முன்மாதிரிகளைப் பற்றி எழுதுகிற எவரும் தாண்டிப் போகக் கூடாத ஒன்று. அந்த ஆண்டுகளில் டயானா வான் என்ற பெண்ணின் பெயர் பிரெஞ்சுக் கத்தோலிக்க வீடுகளில் பரபரப்பாக அடிபட்டது. சாத்தான் வழிபாட்டிலிருந்து ஜானின் அருளால் மனம் திரும்பியவர் என்று அவர் பெயரில் நூல்கள் வந்தன. மடத்தார் நெகிழ்ந்துபோய் அவருக்குக் கடிதமும் அந்தப் புகைப்படமும் அனுப்பினார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் லியோ டாக்ஸில் என்ற எழுத்தாளர் மேடையேறி, டயானா என்று யாருமே இல்லை, எல்லாம் தன் கைவேலை என்று சிரித்தார். அந்தக் கூட்டத்தில் திரையில் காட்டியது, ஜானும் கத்தரீனும் இருந்த அதே புகைப்படம். தெரேசா அப்போது நோயில் இருந்தார். விசுவாசமே இருண்டுபோன மாதங்கள் அவை. டயானாவின் பெயரில் பதிலாக வந்திருந்த கடிதத்தைக் கிழித்துக் குப்பை மேட்டில் போட்டதாகச் சொல்கிறார்கள். செப்டம்பரில் இறந்தார்.

இல்லாத டயானா ஒரு மோசடி. சரி. அலெக்சாந்திரியாவின் கத்தரீனும் இருந்தாளா என்பதற்கு அவள் காலத்துச் சான்று ஏதுமில்லை. 1969இல் ரோம் தன் பொது நாட்காட்டியிலிருந்து கத்தரீனையும் மார்கரெட்டையும் எடுத்தது. கத்தரீன் மட்டும் 2002இல் திரும்பி வந்தாள். அப்படியானால் ஜானை ஓர்லியானுக்கு நடத்தியவர்கள் ஒருவேளை இல்லாத பெண்கள். முன்மாதிரி உண்மையாக வாழ்ந்திருக்க வேண்டுமா, உண்மையாக நம்பப்பட்டால் போதுமா? டாக்ஸிலின் கதையையும் கிராமத்துக் கதையையும் பிரிப்பது சரித்திரச் சான்று மட்டும் என்றால் இரண்டும் ஒரே கூடையில் விழும். சொன்னவரின் மனத்தைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது. தோம்ரெமியில் சொன்னவர் நம்பிச் சொன்னார். கேட்டவளை ஏமாளியாக்கிச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட்டுக்கு இந்தச் சிக்கலே எழாது. ஒழுக்கத்தை உதாரணங்களிலிருந்து எடுப்பதைப் போல ஒழுக்கத்துக்குச் செய்யும் கேடு வேறில்லை என்று 1785இல் எழுதியவர் அவர். நற்செய்தியின் இயேசுவையே நம் மனத்தில் உள்ள நிறைவின் அளவுகோலோடு ஒப்பிட்ட பிறகுதான் புனிதர் என்று அறிகிறோம் என்றார். உதாரணம் ஊக்கம் தரும், ஆதாரம் ஆகாது. இங்கிலாந்து அரசி ஆன் பொலினுக்கு எதிராகப் பொய் சொல்ல மறுக்கும் ஒரு நேர்மையான மனிதனின் கதையைப் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிப் பாருங்கள், அவன் படிப்படியாக வியந்து அந்த மனிதனைப் போல் ஆக விரும்புவான் என்றும் இன்னொரு நூலில் எழுதினார். உதாரணமே வேண்டாம் என்றவர் கடைசியில் ஓர் உதாரணத்தைத்தான் எடுத்தார். கதை இல்லாமல் குழந்தையிடம் போக முடியாது என்பது கோனிக்ஸ்பெர்க் பிரம்மச்சாரியான கான்ட்டுக்கும் தெரிந்திருந்தது.

கான்ட்டின் எச்சரிக்கை 2017இல் வேறு உருவில் வந்து நின்றது. ‘ரெபெல் கேர்ள்ஸ்’ நூறு பேரில் மியான்மரின் ஆங் சான் சூகியும் ஒருவர், 1991 அமைதி நோபல் பெற்றவர். அந்த ஆண்டு ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். அரசுப் பொறுப்பில் இருந்த சூகி ராணுவத்தைக் கண்டிக்கவில்லை. மகளுக்கு இந்தப் பக்கத்தை எப்படிப் படித்துக் காட்டுவது என்று பெற்றோர் கேட்டார்கள். வரும் பதிப்புகளில் நீக்குவது பற்றி யோசிப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். திருச்சபை இந்த விஷயத்தில் கெட்டிக்காரி: ஆள் இறந்து ஐந்து ஆண்டாவது ஆகாமல் வழக்கமாகக் கோப்பையே திறக்காது. உயிரோடிருப்பவருக்குப் பட்டம் கட்டும் நூலுக்கு இந்த ஆபத்து தப்பாது. அதற்காகப் பக்கத்தைக் கிழிப்பது தீர்வாகத் தெரியவில்லை. வீட்டுச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த அதே பெண் அதிகாரத்தில் அமர்ந்து மௌனமானாள் என்பதைப் பத்து வயதுப் பெண்ணால் தாங்க முடியும். தன் வகுப்புத் தோழிகளிடம் அதைத் தினமும் பார்க்கிறவள்தானே.

படித்ததைப் பின்பற்றிய சிறுமி என்பது பழைய கிறித்துவ நாடுகளின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1955 மார்ச் 2. அமெரிக்காவின் மான்ட்காமரி நகரப் பேருந்தில் 15 வயதுக் கறுப்பினப் பள்ளி மாணவி கிளாடெட் கால்வின், வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்தாள். ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததற்கு ஒன்பது மாதம் முன்பு. அவள் பள்ளியில் அப்போதுதான் கறுப்பின வரலாற்றுப் பாடம் நடந்திருந்தது. அடிமைகளைத் தப்ப வைத்த ஹாரியட் டப்மன் ஒரு தோளையும், அடிமை ஒழிப்புக்காகப் பேசிய சொஜர்னர் ட்ரூத் மறு தோளையும் அழுத்திப் பிடித்து உட்கார வைத்ததைப் போல் இருந்தது என்று கிளாடெட் பின்னாளில் சொன்னார். ஜானுக்குக் கத்தரீனும் மார்கரெட்டும். இவளுக்கு இந்த இருவர்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்? சிறுமி, படபடப்புக்காரி, ஏழை வீடு. பிறகு கர்ப்பமும் ஆனாள். போராட்டத்தின் முகமாக வைக்கத் தயங்கினார்கள். டிசம்பர் 1 அன்று 42 வயது ரோசா பார்க்ஸ் கைதானபோது ஊர் எழுந்தது. 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது. ஆனால் பேருந்தில் நிறவேற்றுமையைச் சட்டப்படி முடித்துவைத்த 1956 வழக்கின் வாதிகளில் ஒருத்தியாகக் கூண்டேறிச் சாட்சி சொன்னவள் கிளாடெட். அவள் கதை நீண்ட காலம் சிறுவர் நூல்களுக்கு எட்டவில்லை. ஃபிலிப் ஹூஸ் 2009இல் எழுதிய நூல் இளையோருக்கான நேஷனல் புக் அவார்ட் பெற்ற பிறகுதான் பெயர் பரவியது. ரோசாவின் கதையும் சுருங்கித்தான் போயிருந்தது. வேலை முடிந்து களைத்த தையல்காரி ஒரு நாள் எழ மாட்டேன் என்றாள் என்று பல தலைமுறைக் குழந்தைகள் படித்தார்கள். அவர் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர், அந்தக் கோடையில் டென்னசியில் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றவர், ஆழ்ந்த மெதடிஸ்ட் விசுவாசி. இதையெல்லாம் எடுத்துவிட்டால் துணிவு என்பது திடீரென்று வந்துபோகும் ஒரு மனநிலை போலத் தெரியும். குழந்தை அது தனக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

கதையைச் சொல்லிவிட்டு அதன் விளைவிலிருந்து ஒதுங்கிக்கொள்வது பெரியவர்களின் வழக்கம். ஒதுங்கிக்கொள்ளாத ஒருத்தியும் இருந்தாள். ஜானின் தாய் இசபெல் ரோமே. சிறுவர் நூல்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்துவிட்டு முதல் பக்கத்திலேயே மறைந்துவிடுகிறவள். 1455 நவம்பர் 7 அன்று, மகள் எரிந்து 24 ஆண்டுகள் கழித்து, மூப்பும் துயரமும் தளர்த்திய உடலோடு, பிள்ளைகள் இருவர் உடன் வர, ஓர்லியான் ஊரார் சூழ, பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்துக்கு வந்தாள். பாப்பரசரின் பிரதிநிதிகள் முன் விழுந்து மனுவைக் கொடுத்தாள். அதில் அவள் முதலில் சொன்னது தன் வளர்ப்பைப் பற்றி: மகளைத் தெய்வபயத்திலும் திருச்சபையின் மரபிலும் வளர்த்தேன். கூட்டம் நெருக்கித் தள்ளியதால் விசாரணையாளர்கள் அவளைப் பேராலயத்தின் உள்ளறைக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அடுத்த ஜூலையில் ரூவான் தீர்ப்பு ரத்தானது. இசபெல் ஓர்லியானிலேயே, நகரம் கொடுத்த உதவித்தொகையில், இன்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தாள்.